தயவுசெய்து கதவை மூடவும்

ஜூன் 3, செவ்வாய்

இல்லை, தியானத்தில் தூங்குவதில்லை. உட்கார்ந்துதான் இருக்கிறேன். கண் மூடியிருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும், மூச்சு போய் வரும். தெய்வானை அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அத்தன நேரம் கண்ண மூடீட்டு ஒருத்தரு தூங்காம இருக்க முடியுங்களா மிஸ்? நானெல்லாம் பஸ்ல கம்பியப் பிடிச்சு நின்னுட்டே தூங்கிருவனுங்க."

உண்மைதான். யோகா வகுப்பின் கடைசியில் எல்லோரையும் சவாசனத்தில் படுக்கச் சொன்னதும் முதல் குறட்டை அவருடையது. மற்றவர்கள் அந்தக் குறட்டையைக் கேட்டபடியே உடலைத் தளர்த்தப் பழகிவிட்டார்கள். மூன்றாவது மாடியில் இருக்கிறார். நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். முதுகுவலிக்காக வந்தவர், முதுகுவலி போன பிறகும் வருகிறார்.

வகுப்பு நடப்பது எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளக் கூடத்தில். சுவரில் போன வாரத்துப் பிறந்தநாள் பலூன்களின் கிழிந்த நுனிகள், செலோடேப்பின் கீழே. பக்கத்திலேயே லிஃப்ட். பழைய லிஃப்ட், கம்பிக் கதவு. படிக்கட்டு அதைச் சுற்றிச் சுற்றி ஏறும். கதவைச் சரியாக மூடாவிட்டால் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும்: தயவுசெய்து கதவை மூடவும். தயவுசெய்து கதவை மூடவும். மூடும் வரை விடமாட்டாள்.

கதவை மூடாமல் போகிற ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவன்தான். நவநீதன். என் கணவன். அடுக்ககச் சங்கச் செயலாளர் சிதம்பரநாதன் சார் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் போடுவார்: நான்காவது மாடி நண்பர் கவனிக்கவும்.

இன்று வகுப்புக்கு வந்த கனகராஜ் சார் கேட்டார், "வீட்டுக்காரரு புனேயில எப்படி இருக்காருங்?"

"நல்லா இருக்கார் சார். ப்ராஜெக்ட் முடிய நாளாகும்."

அரிசி ஊறப் போட்டேன். வழக்கமான அளவு.

ஜூன் 5, வியாழன்

குளியலறை அலமாரியில் இருந்த ட்ரிம்மரைக் காணவில்லை. எங்காவது எடுத்து வைத்திருப்பேன். எனக்கு எதற்கு ட்ரிம்மர்.

ஜூன் 8, ஞாயிறு

வகுப்பில்லை. காற்று. ஆடிக்கு முன்பே வந்துவிட்ட காற்று, பால்கனிக் கொடியில் கிளிப்புகளை உலுக்கிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது, அம்மாவின் போனை எடுத்தபோது குரல் கரகரத்ததில்தான் தெரிந்தது.

"ஏட்டி செண்பா, சாப்ட்டியா?"

"ம்."

"என்ன சாப்ட்ட?"

"தோசை."

"நேத்தும் தோசைன்னுதான சொன்ன."

"மாவு இருக்கும்மா."

"ஒத்தையா இருந்துக்கிட்டு ரெண்டு ஆளுக்கு ஆட்டி வச்சா இருக்கத்தான் செய்யும். மாப்ள எப்ப வாராக?"

"தெரியல."

"தல ஆடி வருதுட்டி. ஞாபகம் இருக்கா? அப்பாவும் நானும் வந்து முறையாக் கூப்புடணும். வேட்டி சட்ட எடுத்து வச்சாச்சு. மோதிரத்துக்குத்தான் அளவு தெரியல. அவுக விரல் அளவு கேட்டுச் சொல்லு."

கல்யாணமாகி முதல் ஆடி. பெண் வீட்டார் கோவில்பட்டியிலிருந்து வந்து இருவரையும் அழைத்துப்போவார்கள். விருந்து, சீர். பிறகு மாப்பிள்ளை மட்டும் திரும்புவார். பெண் மாதம் முழுக்கத் தாய்வீட்டில். ஆடியில் ஜோடி பிரிந்திருக்க வேண்டும் என்பது முறை.

அளவு எனக்குத் தெரியும். அவன் மோதிர விரலும் என் கட்டைவிரலும் ஒரே பருமன். ஒருநாள் பஸ்ஸில் நூல் சுற்றிப் பார்த்தோம்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

எல்லா ஆசனத்திலும் கடினமானது சவாசனம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவற்றில் உடலுக்கு ஏதாவது வேலை இருக்கிறது. இதில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியர் படுக்கக் கூடாது. எல்லோரும் கண்மூடிக் கிடக்கும்போது ஒருவர் விழித்திருக்க வேண்டும், அது எங்கள் முறை. சொல்லித்தான் உள்ளே அனுப்புகிறோம்: பாதங்களைத் தளர்த்துங்கள், முழங்கால்களைத் தளர்த்துங்கள். சொல்லித்தான் திரும்ப அழைக்கிறோம்: விரல்களை அசையுங்கள், வலப்பக்கம் ஒருக்களியுங்கள், மெதுவாக எழுந்து உட்காருங்கள். அதைச் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. முதல் நாளே சொல்லிவிடுவேன்.

எனக்கு இந்த முறை வசதி. நான் படுக்க வேண்டியதில்லை. வீட்டில் பயிற்சி செய்யும்போதும் அதை மட்டும் விட்டுவிடுகிறேன். உட்கார முடிகிறது. தலைகீழாக நிற்க முடிகிறது. மல்லாந்து கிடந்து கண்ணை மூடினால், யாரோ மேலே நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது. அல்லது யாரும் பார்க்காததுபோல்.

இன்று எல்லோரும் படுத்திருக்கும்போது லிஃப்ட் குரல். தயவுசெய்து கதவை மூடவும். எங்கோ மேலே. நான்கைந்து முறை. பிறகு நின்றது.

யாரோ.

வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூட விட்டு எழுப்பினேன்.

வீட்டில் செருப்பு அலமாரியில் அவனுடைய ரன்னிங் ஷூ இல்லை. அது இருந்த இடத்தில் மண், காலணியின் வடிவத்திலேயே. துடைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கல்யாணத்துக்கு முன் அவன் வேலை செய்த கம்பெனியில் வாரம் ஒருமுறை வகுப்பெடுக்கப் போவேன். தத்துவத்தில் எம்.ஏ., யோகத்தில் டிப்ளமோ. இரண்டையும் சேர்த்தால் கிடைத்த வேலை அது. கண்ணை மூடுங்கள் என்றால் முப்பது பேர் மூடுவார்கள். ஒருவன் மூடமாட்டான். மூன்றாவது வாரம் கேட்டேன்.

"எல்லாரும் மூடிட்டா உங்கள யாருங்க பாக்கறது?" என்றான்.

மட்டமான வசனம். அன்று இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

அவன் சட்டைகளை இஸ்திரி போட்டேன். கட்டில்மேல் அடுக்கி வைத்தேன். வேறு வேலை இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்பு முடிந்து வந்தபோது சட்டைகள் இல்லை. கட்டில் விரிப்பில் சதுரமாக ஒரு அழுத்தம்.

நீலச் சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது. தைத்துவிட்டு வைத்திருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

வகுப்புக்குக் கிளம்பும்முன் காபி போட்டேன். எனக்கு. குடிக்கவில்லை. ஃபிளாஸ்க்கில் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். பக்கத்தில் ஒரு டம்ளர்.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் அப்படியே வைத்தேன். திரும்பியபோது ஃபிளாஸ்க்கில் காபி குறைந்திருந்தது. ஆவியாகியிருக்கலாம்.

ஜூன் 21, சனி

யோகா தினம். கூடத்தில் பேனர். எல்லோருக்கும் வெள்ளை டீ ஷர்ட். தெய்வானை அக்கா தன்னுடையதைத் தானே பிரித்துத் தைத்திருந்தார், இடுப்பில் சரியாக இருந்தது. சிதம்பரநாதன் சார் என் காதருகே வந்து, "மேடம், யோகா மூலமாத் தன்னை அறிதல், இதுதான் தலைப்பு. பத்து நிமிஷம் பேசுனா போதுமுங்க. பொங்கல் ஆறீரும்," என்றார்.

பேசினேன். ஐந்து உறைகளைப் பற்றி, உடல், மூச்சு, மனம் என்று உள்ளே உள்ளே போவதைப் பற்றி. வெங்காயம் உரிப்பதுபோல் என்றேன். பல்கலைக்கழகத்தில் தேர்வுக்கு எழுதியது அப்படியே நினைவில் இருந்தது. கைதட்டினார்கள்.

கடைசியில் மோனிஷா கை தூக்கினாள். இரண்டாவது மாடி, இருபத்து நான்கு வயது, எதையும் நேராகக் கேட்கிற பெண்.

"மிஸ், உங்களுக்கு என்ன தெரிஞ்சுது? உங்களப் பத்தி?"

சிரித்தேன். "அது இன்னும் போய்க்கிட்டே இருக்கு," என்றேன்.

"வெங்காயத்த உரிச்சுட்டே போனா கடைசியில ஒண்ணுமே இருக்காதுங்களே," என்றார் கனகராஜ் சார்.

"கண்ணுல தண்ணி வரும், அதுதானுங்க மிச்சம்," என்றார் தெய்வானை அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பொங்கல் நன்றாக இருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பேச்சுச் சத்தத்தின் நடுவே சாப்பிட்டு வெகுகாலமாகிறது.

எனக்கு என்ன தெரிந்தது. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும். முதல் மாடியில் ஒரு சின்னக் குலுக்கல். மூன்றாவதில் சங்கிலி முனகும். நான்காவதில், சத்தம் நின்ற பிறகு ஒரு மூச்சு நேரம் எதுவும் இருக்காது. பிறகு கதவு.

ஜூன் 24, செவ்வாய்

புனே இல்லை. இதே ஊர், பீளமேடு. நண்பனின் அறை. பைக்கில் வந்தால் கொஞ்ச தூரம்தான்.

எழுதியாகிவிட்டது. எழுதிய பிறகும் சமையலறையில் குக்கர் சத்தம் அப்படியேதான் இருக்கிறது.

சித்திரைக் கடைசியில் போனான். சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். அவன் கத்தினான். நான் மூச்சைக் கவனித்தேன். உள்ளே, வெளியே. கோபம் வருவதைப் பார்த்தேன், அது போவதைப் பார்த்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இதோ, இதத்தான் சொல்றேன்," என்றான் அவன். "திட்டு. எதையாவது எடுத்து எறி. நான் என்ன பண்ணாலும் மூச்ச இழுத்து விட்டுட்டு உக்காந்திருக்கற. செவுத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்குது, செண்பா."

"நீ அமைதியானதும் பேசலாம்," என்றேன் நான்.

அவன் அமைதியானான். இரண்டு சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றும் லிஃப்ட் கதவை மூடவில்லை. அந்தக் குரலை நிறுத்த நான்தான் போய் மூடினேன்.

மற்றவற்றை எடுக்க, நான் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருகிறான். அவனிடம் ஒரு சாவி இருக்கிறது. என் நேரம் அவனுக்குத் தெரியும். அவன் வருவது எனக்குத் தெரியும். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

சவாசனத்தை நீட்டுவது அவன் நிதானமாக எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான். எதிரெதிரே வந்துவிடக் கூடாது.

எதிரெதிரே வந்துவிட்டால் அவன் சொல்லிவிடுவான். இப்போது யாரும் எதையும் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

"மிஸ், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்கல்ல?" மோனிஷா. "சவாசனம் ரொம்ப இழுக்குது. எனக்கு கேப் வந்துடுது. டிரைவர் அண்ணன் முறைக்கிறாரு."

"அதுதானுங்க உருப்படியான ஆசனம்," என்றார் தெய்வானை அக்கா. "அதையும் கொறச்சுட்டா நான் எதுக்குங்க கீழ வாறது?"

"நீங்க மேலயே தூங்கலாமே, ஆன்ட்டி."

"மேல எந்திரின்னு சொல்ல ஆளில்ல கண்ணு."

சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டினார். அவர் மகன் கனடாவில். கணவர் இருக்கிறார், ஆனால் திருப்பூரில், வேறு வீட்டில். இது எனக்கு சிதம்பரநாதன் சார் சொல்லித் தெரியும். அவராகச் சொன்னதில்லை.

குறைக்கிறேன் என்றேன் மோனிஷாவிடம்.

குறைக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று காலை உட்கார்ந்திருந்தபோது, திடீரென்று. இத்தனை வாரங்களாக எந்தச் சுவரைப் பார்த்து உட்காருகிறேன்? லிஃப்டை ஒட்டிய சுவரை. பூஜை அலமாரி எதிர்ப்புறம் இருக்கிறது, பால்கனி வெளிச்சம் இடப்புறம். நான் பாய் விரிப்பது லிஃப்ட் சுவருக்கு நேராக, அந்தப் பக்கச் சத்தம் நேராகக் காதில் விழும்படி.

தியானம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காத்திருக்கிறேன். காத்திருப்பவளுக்கும் முதுகு அப்படித்தான் நிமிர்ந்திருக்கும். காத்திருப்பவளும் அசையமாட்டாள்.

பாயை பால்கனிப் பக்கம் திருப்பிப் போட்டேன். உட்கார்ந்தேன். லிஃப்ட் மூன்றாவது மாடியைக் கடக்கும் சத்தம் வலது காதில் கேட்டது. முன்பைவிடத் தெளிவாக.

ஜூலை 8, செவ்வாய்

அம்மா. 16ஆம் தேதி ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று. 17ஆம் தேதி ஆடி முதல் நாள் காலை இங்கே இருப்பார்கள்.

"மாப்ளைட்ட சொன்னியா?"

"சொல்றேன்."

"என்னட்டி சொல்றேன்? அப்பா பேசட்டுமா?"

"வேண்டாம்மா. வேலையா இருப்பார்."

"ஏ, உங்களுக்குள்ள ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

அது பொய்யில்லை. எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

அலமாரியில் அவன் பக்கம் ஹேங்கர்கள் மட்டும். மேல் தட்டில் சூட்கேஸ், அதற்குள் அவன் சான்றிதழ்கள், குளிர்ச்சட்டை. பால்கனியில் டம்பெல்ஸ். இன்னும் ஒருமுறை வந்தால் முடிந்துவிடும். சூட்கேஸை லிஃப்டுக்குள் ஏற்ற நேரம் பிடிக்கும்.

மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. கொட்டினேன். திரும்ப ஊறப் போட்டேன். கை தானாகவே இரண்டு பேருக்கு அளந்தது.

ஜூலை 11, வெள்ளி

ஃபிளாஸ்க்குக்கு அடியில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனேன். 'அம்மா அப்பா ஆடிக்குக் கூப்பிட வருகிறார்கள். 17. என்ன சொல்லட்டும்?'

முதலில் நிறைய எழுதிக் கிழித்தேன். 'திட்ட வேண்டும் என்றால் வா, திட்டுகிறேன்' என்றுகூட எழுதினேன். அதைக் கிழித்ததுதான் தப்போ என்னவோ.

திரும்பியபோது சீட்டு அதே இடத்தில். அதன்மேல் டம்ளர் வைத்த வட்டக் கறை. காபி குடித்திருக்கிறான். சூட்கேஸ் இருக்கிறது. டம்பெல்ஸ் இல்லை.

படிக்கவில்லையா, படித்துவிட்டு அதன்மேல் டம்ளரை வைத்தானா. கறையை வெகுநேரம் பார்த்தேன். வட்டம் முழுமையாக இல்லை, ஒரு பக்கம் திறந்திருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

யாருமில்லை. சாரல்.

ஜூலை 15, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

வகுப்பு வழக்கம்போல. எதிரே நிற்பவர்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்பதால், வலது கை என்று சொல்லிக்கொண்டே நான் இடது கையைத் தூக்குவேன், கண்ணாடிபோல. இன்று அதிலேயே குழம்பினேன்.

சவாசனத்தில் படுக்க வைத்தேன். பாதங்கள், முழங்கால்கள். குறட்டை ஆரம்பித்தது. இடுப்பைத் தளர்த்துங்கள் என்று சொல்லும்போது மேலே அந்தக் குரல்.

தயவுசெய்து கதவை மூடவும்.

நான் தொடர்ந்தேன். வயிற்றைத் தளர்த்துங்கள்.

தயவுசெய்து கதவை மூடவும்.

நிற்கவில்லை. சூட்கேஸை ஏற்றுகிறான், கதவு திறந்தே கிடக்கிறது. மார்பு, தோள்கள், கழுத்து, நெற்றி. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். கூடம் முழுக்க உடல்கள், கண்மூடி, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அவர்கள் நடுவே அந்தக் குரல் மட்டும். கனகராஜ் சாரின் இமை துடித்தது. திறக்கவில்லை.

நான் எழுந்தேன். வெளியே போனேன். எந்த ஆசிரியையும் செய்யக் கூடாதது அது. அப்போது தோன்றவில்லை.

படியில் ஏறினேன். ஓடவில்லை. இரண்டாவது மாடி தாண்டியபோது குரல் நின்றது. கதவை மூடிவிட்டான். சங்கிலி முனகியது. லிஃப்ட் இறங்கி வந்தது. நான் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடிக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு அந்தப் பக்கம், முதலில் அவன் காலணி தெரிந்தது, பிறகு சூட்கேஸ், பிறகு நீலச் சட்டை. பொத்தான் இன்னும் தளர்ந்துதான் இருந்தது. பிறகு முகம்.

கண்ணை மூடியிருந்தான்.

என்னைப் பார்த்துவிட்டு மூடினானா, முன்பே மூடியிருந்தானா, தெரியாது. நான் கூப்பிடவில்லை. கையை நீட்டினால் கம்பிவழியே தொட்டிருக்கலாம். லிஃப்ட் என்னைக் கடந்து கீழே போனது.

நான் மேலே போனேன். அந்த நேரத்தில் கீழே போயிருக்கலாம்.

மேசைமேல் ஃபிளாஸ்க் காலி. சீட்டு இல்லை. டம்ளரைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தான். அதன் அடியில் சாவி.

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு டம்ளர் கழுவியதில்லை. அதற்காக ஒருமுறைகூட நான் திட்டியதுமில்லை. குடித்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவான், நான் எடுப்பேன், மூச்சைக் கவனிப்பேன். இன்று கழுவியிருக்கிறான். விருந்தாளிகள் கழுவி வைப்பார்கள்.

டம்ளரை எடுத்துச் சுவரில் எறிந்தேன். எவர்சில்வர். உடையவில்லை. சுவரில் ஒரு பள்ளம் விழுந்தது, பெயிண்ட் பெயர்ந்து. டம்ளர் உருண்டு சமையலறை வாசலில் நின்றது. போய் எடுத்து இன்னொருமுறை எறிந்தேன். மூச்சு எப்படி இருந்தது என்று தெரியாது. கவனிக்கவில்லை.

எவ்வளவு நேரம் தரையில் இருந்தேன் என்று தெரியாது. கீழே ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மோனிஷாவின் கேப் என்று புரிந்தது. அவள் ஏன் போகவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. எழுந்திருக்கச் சொல்லும் வார்த்தைகளைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

படியில் இறங்கி ஓடினேன்.

எல்லோரும் அப்படியே கிடந்தார்கள். ஒருவர்கூட எழவில்லை. யாரோ இருமலை அடக்கினார்கள். வாசலில் நின்று சொன்னேன்: விரல்களை அசையுங்கள். வலப்பக்கம் ஒருக்களியுங்கள். மெதுவாக எழுந்து உட்காருங்கள்.

உட்கார்ந்தார்கள். மன்னிச்சுக்குங்க என்றேன். "இவ்வளவு நேரம் ஏன் எழுந்திருக்காம இருந்தீங்க?"

"நீங்க சொல்லாம எப்படிங்க எந்திரிக்கறது?" என்றார் கனகராஜ் சார். கோபமாக இல்லை. காலைப் பிடித்துக்கொண்டார், மரத்துப்போயிருந்தது.

"மோனிஷா, கேப்."

"போகட்டும் மிஸ். இன்னிக்கி வீட்டுல இருந்தே வேலை பாத்துக்கறேன்." என் முகத்தைப் பார்க்காமல் பாயைச் சுருட்டினாள். போகும்போது என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு தெய்வானை அக்கா விழித்தார்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுக்கா."

சுற்றிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. எப்போது என்று தெரியாது.

"பொட்டியெல்லாம் எடுத்துட்டாருங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஏனுங் மிஸ், இந்த பில்டிங்குல லிஃப்ட் கதவ மூடாத ஆளு ஒருத்தருதானுங்களே. அவரு புனேயில இருந்தா அந்தப் பொம்பள எதுக்குங்க கத்தறா?"

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எனக்கு இங்க வந்தாத் தூக்கம். மத்தவீங்கல்லாம் கண்ண மூடிக் காதத் தொறந்துட்டுத்தான படுத்திருக்கறாங்க. கனகராஜண்ணன் போன மாசமே சொன்னாருங்க."

"ஏன் யாரும் கேக்கல?"

"நீங்க சொல்லலீங்களே."

ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் தன் பாயைத் தட்டினார்.

"படுங்க."

"எதுக்குக்கா?"

"மூஞ்சியப் பாத்தா மூணு நாளா ஒறங்காத மாதிரி இருக்குது. படுங்க. நான் முழிச்சு உக்காந்திருக்கறன்."

"நீங்க தூங்கிடுவீங்க."

"இப்பத்தானுங்க தூங்கி எந்திரிச்சன்."

படுத்தேன். பாய் இன்னும் சூடாக இருந்தது. நைட்டித் துணியின் கஞ்சி வாசம். கண்ணை மூடினேன்.

"என்னமோ சொல்லுவீங்களே," என்றார் அக்கா மேலிருந்து. "பாதத்தத் தளத்துங்க. அப்புறம் முட்டி. முட்டியத் தளத்துங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க மிஸ். நான் முட்டிக்குள்ளயே தூங்கிருவன்."

சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கண்ணீரும் வந்தது. படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது. இது எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. துடைக்கவில்லை. அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது, லேசாக இரைத்தபடி, பக்கத்தில்.

நவநீ போய்விட்டான். முழங்காலுக்கு மேலே யாரும் சொல்லாமலேயே ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. இடுப்பு. வயிறு. லிஃப்ட் மேலே போனது. எந்த மாடியில் நின்றது என்று நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அவர் என்னை எழுப்புவார் என்று கொஞ்ச நேரம் கிடந்தேன். பிறகுதான் புரிந்தது. எழுந்திருக்கச் சொல்லும் பகுதியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் விழிக்கும்போதெல்லாம் அது முடிந்திருக்கும்.

வலப்பக்கம் ஒருக்களித்தேன். எழுந்து உட்கார்ந்தேன். அம்மாவுக்குப் போன் செய்து, ஆடிக்கு நான் மட்டும் வருகிறேன் என்றேன்.